சம்பந்தி பேரில் என் நம்பர்

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் மிஸ்டு கால் கொடுத்ததில்லை. ஒரு மணி அடிக்கவிட்டுத் துண்டித்துவிட்டு, அடுத்தவன் தன் காசில் திரும்பக் கூப்பிடட்டும் என்று காத்திருப்பதற்கும் கையேந்துவதற்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. பேச வேண்டுமென்றால் கூப்பிடு, காசில்லை என்றால் வாயை மூடிக்கொண்டிரு. என் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தேன். அப்படிப்பட்ட என்னைப் பற்றித்தான் பெயிண்ட்கடைக்காரர், தன் கடையில் நாலு பேர் முன்னால், "நம்ம சம்பந்தி என் பில்லுலதான் என்னையே திட்டுறாரு" என்று சொல்லிச் சிரித்தார்.

பெயிண்ட்கடைக்காரர் என் மகளின் மாமனார். நான் லிஃப்ட் மெக்கானிக். மாடிப்படிக்குப் பக்கத்தில் இரும்புக் கூண்டு ஏறி இறங்கிய காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை என்பதால் மேல்மாடி மெஷின் ரூமுக்கெல்லாம் என் மகன்தான் ஏறுகிறான். ஆனால் நாங்கள் பார்க்கும் கட்டடங்களின் ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும், பட்டன்களுக்கு மேலே, 'லிஃப்ட் நின்றுவிட்டால் கூப்பிடவும்' என்று எழுதி ஒட்டியிருப்பது என் நம்பர். அதில் பேர் கிடையாது. பேர் எதற்கு? நம்பரை அழுத்தினால் நான் எடுப்பேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எடுப்பேன், சொந்தக்காரன் சாவு வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் எடுப்பேன். உள்ளே மாட்டிக்கொண்டவனுக்கு முதலில் வேண்டியது வெளிச்சமோ காற்றோ அல்ல, ஒரு மனிதக் குரல். "பயப்படாதீங்க, கதவைத் தள்ளாதீங்க, நான் வந்துட்டிருக்கேன்." இதைச் சொல்லாமல் நான் ஒரு அழைப்பையும் விட்டதில்லை. என் குடும்பத்துக்கு ஊரில் இருக்கும் மரியாதை அதுதான். வேறு சொத்து எனக்குக் கிடையாது.

போன வருடம் ஒரு பெரிய கம்பெனி வந்தது. யூனிஃபார்ம் போட்ட பையன்கள், பளபளக்கும் ஒப்பந்தக் காகிதம். எங்களிடமிருந்த இரண்டு பெரிய கட்டடங்களையும் அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். மகன் கையில் மிஞ்சியவை பழைய, குறுகலான கட்டடங்கள். அங்கே லிஃப்டுக்கு வயதாகிவிட்டது, குடியிருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. வருமானம் பாதியானது. என் மருமகள் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். கெட்டிக்காரி. வீட்டுச் செலவில் எங்கே கத்தி வைக்கலாம் என்று அவள் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது போன்.

"மாமா, நாலு பேருக்கு நாலு ரீசார்ஜ். மாசம் பிறந்தா போனுக்கே ஒரு மூட்டை அரிசி போகுது" என்றாள்.

"என் போன்ல பட்டன்தான் இருக்கு. அது என்ன தின்னுது?"

"உங்க போன் சும்மா உயிரோட இருக்கிறதுக்கே காசு மாமா. ரீசார்ஜ் பண்ணலேன்னா வர்ற காலையும் நிறுத்திடுவான்."

அடுத்தவன் என்னைக் கூப்பிடுவதற்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும் என்று இன்றுவரை யாரும் எனக்கு விளங்கச் சொல்லவில்லை. இதை யோசித்துக் கண்டுபிடித்தவனை பாதியில் நிற்கிற நம் லிஃப்ட் ஒன்றில் ஏற்றிவிட வேண்டும்.

மருமகள் வெட்ட ஆரம்பித்தாள். மகனுக்கு ஒரே ஒரு சிம் என்று ஆயிற்று. என் மனைவி நாடகம் பார்க்கும் நெட் நின்றது. "நான் நாடகம் பாக்கிறதுலதான் இந்தக் குடும்பம் ஓட்டாண்டி ஆச்சா?" என்று அவள் அடுப்பங்கரையில் பாத்திரங்களிடம் கேட்டாள். காலையில் ரோஜாப்பூவும் சூரியனும் அனுப்பும் சொந்தக்காரர்களையெல்லாம் மருமகள் ஒருவர் விடாமல் 'மியூட்' போட்டு அமுக்கிவைத்தாள். அப்படியும் பற்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெயிண்ட்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது, அப்படிப்பட்ட உடம்பு. மனசும் பெரியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. அதை எல்லோருக்கும் எடுத்துக் காட்டிக்கொண்டே இருப்பார் என்பதுதான் குறை.

"எதுக்கும்மா தனித்தனியா ரீசார்ஜ்? கடை ஆளுங்களுக்காக நான் ஃபேமிலி பிளான் போட்டிருக்கேன். ஒரே பில், பத்து நம்பர். நாலு இடம் காலியாக் கிடக்கு. உங்க நாலையும் அதுல தள்ளிடுங்க. பாதிக் காசுகூட ஆகாது."

"வேண்டாம் சம்பந்தி. எங்க போனுக்கு நாங்க கட்டிக்கிறோம்" என்றேன்.

"கட்டுங்களேன், யார் வேண்டாம்னா? இடம் சும்மா கிடக்குதேன்னு சொன்னேன். சும்மா கிடக்கிற இடத்துல உட்காரவும் கௌரவம் பாக்கணுமா?"

மகன் என் முகத்தைப் பார்த்தான். மருமகள் மகனைப் பார்த்தாள். அந்த மாதம் கேபிள் அறுந்த ஒரு லிஃப்டுக்கு அவன் கைக்காசைப் போட்டுப் பொருள் வாங்கியிருந்தான். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். எங்கள் வீட்டில் நான் எழுந்துபோனால் சரி என்று அர்த்தம். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன்: எங்கள் பங்கை மாதாமாதம் நானே கடைக்குப் போய் அவர் கையில் கொடுப்பேன்.

அவர் வாங்கவில்லை. முதல் மாதம் பணம் போட்ட கவரை மேஜையில் வைத்தேன், அதை மகளிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். "பொண்ணு கொடுத்தவங்ககிட்டப் போன் காசு வாங்கினா என்னை ஊர் காறித் துப்பாதா?" மறுபடி கொண்டுபோனேன். மறுபடி வந்தது. அந்தக் கவர் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பந்து மாதிரி அலைந்து மூலை நைந்துபோயிற்று. என் மகள்தான் பாவம், தபால்காரி ஆனாள்.

"அப்பா, ஒண்ணு நீங்க நிறுத்துங்க, இல்லேன்னா அவரை நிறுத்தச் சொல்லுங்க. எனக்குக் கால் வலிக்குது."

"நம்ம வீடு ஓசியில பேசுற வீடு இல்லம்மா."

"ஐயோ, யாருப்பா அப்படிச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை, அதுவரை. பிறகு ஒருநாள் கவரோடு நான் அவர் கடை வாசலில் கால் வைக்கும்போதுதான் உள்ளேயிருந்து அந்தச் சிரிப்பு கேட்டது. அதற்கு முந்தின நாள், சுவர் ஓதம் காக்க அவர் கொடுத்த பெயிண்ட் மூன்றே மாதத்தில் உரிந்துவிட்டது என்று போனில் அவரிடம் கொஞ்சம் காரமாகப் பேசியிருந்தேன். அதைத்தான் பெயிண்டர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம சம்பந்தி என் பில்லுலதான் என்னையே திட்டுறாரு. திட்டட்டும், அன்லிமிடெட்தானே!" பெயிண்டர்கள் சிரித்தார்கள். ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். கல்லாவில் உட்கார்ந்திருந்த என் மகள் மட்டும் என்னைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

நான் உள்ளே போகவில்லை. நேராகப் போன் கம்பெனியின் கடைக்குப் போனேன். அவருடைய நம்பரைச் சொல்லி, பத்து நம்பருக்குமான முழு பில்லையும் கட்டினேன். எங்கள் பங்கு மட்டுமல்ல, அவர் பேச்சு, அவர் மகன் பேச்சு, அவர் கடை வண்டிக்காரன் பேச்சு எல்லாவற்றுக்கும் சேர்த்து. மனைவியின் கண் கண்ணாடிக்கென்று வைத்திருந்த பணம். போகட்டும் என்று கட்டினேன். இனி என் பில்லில் அவர் பேசட்டும்.

அன்று மாலையே போன் வந்தது.

"என் பில்லைக் கட்ட நீங்க யாரு?"

"அதுல பேசுறவன்."

"நான் என்ன செத்தா போயிட்டேன், எனக்கு நீங்க கட்ட? கடைப்பையன் சொல்றான், 'முதலாளி, யாரோ ஒரு பெரியவர் நமக்குத் தர்மம் பண்ணிட்டார்'னு. என் மானம் போச்சு!"

"போச்சா? நல்லது. இப்ப தெரியுதா எப்படி இருக்கும்னு?"

"இனிமே என் பில்லுல கை வச்சீங்கன்னா நடக்கிறதே வேற!"

"வைக்கல. போதுமா?"

போனை வைத்துவிட்டேன். நான் சொன்னால் சொன்னதுதான். அடுத்த மாதம் அந்தப் பில் பக்கமே போகவில்லை. ஆனால் அவர் தன் வீட்டில் என்ன சொன்னாராம் தெரியுமா? "கட்டினாரில்ல, பெரிய மனுஷன்? இந்த மாசமும் கட்டட்டும். நான் கட்டமாட்டேன், எவ்வளவு நாள் திமிர் இருக்குன்னு பாக்கிறேன்." அப்போது இது எனக்கு எப்படித் தெரியும்? என் மகள் இரண்டு பக்கமும் சொல்லிப் பார்த்துச் சலித்து வாயை மூடிக்கொண்டிருந்தாள். கம்பெனி எச்சரிக்கை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. அது அவர் போனுக்கு. அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தன் கடை வியாபாரம் கெட்டாலும் பரவாயில்லை, சம்பந்தி தோற்க வேண்டும். இப்படி ஒரு மனிதனோடு நான் சம்பந்தம் வைத்திருக்கிறேன்.

பத்து நம்பரும் ஒரே நேரத்தில் செத்தன.

எங்களுக்குத் தெரியாது. போன் அடிக்காத காலைப்பொழுது நல்ல காலைப்பொழுது என்று நினைத்துக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து திருகாணிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கணக்கு டீச்சர் ஒருவர் ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் பழைய கட்டடத்து வாட்ச்மேன் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றான்.

"என்ன மெக்கானிக் ஐயா, குடும்பத்தோட எங்கேயாவது போயிட்டீங்களா? உங்க நம்பர் இல்லேங்குது, தம்பி நம்பர் இல்லேங்குது, வீட்ல அம்மா நம்பரும் இல்லேங்குது! டீச்சர் உள்ளே மாட்டிக்கிட்டாங்க!"

சட்டைப்பையிலிருந்த போனை எடுத்துப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது, பிணம் மாதிரி.

மகன் வேறு கட்டடத்தில் இருந்தான், அவனைக் கூப்பிட வழியில்லை. நானே போனேன். வாட்ச்மேனின் சைக்கிள் பின்சீட்டில், இந்த வயதில், கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு. ஐந்து மாடி ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் சம்பந்தியின் பெயரைச் சொல்லிற்று. மெயின் சுவிட்சை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பெட்டியை மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்து, சாவி போட்டுக் கதவைத் திறந்தேன்.

டீச்சர் தரையில் உட்கார்ந்திருந்தார். காய்கறிப் பை பக்கத்தில் சரிந்திருந்தது. கையில் போன். திரையில் என் நம்பர், வரிசையாக, மேலிருந்து கீழ்வரை.

அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அழவில்லை. எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, வகுப்பில் பையனைக் கேட்பதுபோல் கேட்டார்.

"எடுக்க மாட்டீங்கன்னா எதுக்கு ஒட்டிவச்சிருக்கீங்க?"

 நானும் ஒரு பெயிண்ட்கடைக்காரரும் யார் பணம் கட்டுவது என்று மல்லுக்கட்டினோம், இரண்டு பேருமே கட்டவில்லை, அதனால் நீங்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று எப்படிச் சொல்வது? குடும்பப் பேரைக் குழியில் போட்டு மூடிவிட்டுத்தான் அதைச் சொல்ல முடியும். தலையைக் குனிந்தபடி காய்கறியைப் பொறுக்கிப் பையில் போட்டேன்.

அன்று சாயங்காலம் பெயிண்ட்கடைக்காரர் பில்லைக் கட்டிவிட்டார். கடைக்கு வர வேண்டிய ஆர்டர் போனதில் அவருக்குப் புத்தி வந்திருக்கும். போன்கள் உயிர்த்தன. எனக்கு உயிர்க்கவில்லை. "என் நம்பரை அவர் கையிலிருந்து எடு. இன்னொரு மாசம் அது அங்கே இருக்கக் கூடாது" என்று மருமகளிடம் சொன்னேன்.

"புது நம்பர் வாங்கிடலாம் மாமா. சல்லிசா ஒரு பிளான் இருக்கு. ஸ்டிக்கர் மாத்தி ஒட்டிக்கலாம்."

"நம்பரை விட்டுட்டு ஓட நான் என்ன கடன்காரனா? ஸ்டிக்கரை மாத்தலாம். எத்தனை கிழவன் கிழவி போன்ல என் நம்பர் பதிஞ்சு கிடக்கு, அதை யார் வீடு வீடாப் போய் மாத்துறது?"

 மறுநாள் மருந்துக்கடைக்கு மதியம்தான் வருவதாகச் சொல்லிவிட்டு அவள் என்னைக் கம்பெனிக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

கவுன்டரில் ஒரு பெண். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இது உங்க நம்பர் இல்லையே சார்."

"என்னம்மா சொல்றே? உனக்கு வயசென்ன? நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே இது என் நம்பர்."

"இருக்கலாம் சார். பிளான்ல சேரும்போது அவர் பேருக்கு மாத்தியிருக்காங்க. அவர் பிரைமரி. நீங்க ஆட்-ஆன்."

"ஆட்-ஆன்னா?"

அவள் மருமகளைப் பார்த்தாள். மருமகள் தரையைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் உதவிக்கு வந்தார். "ஒட்டு, பெரியவரே. கூட ஒட்டிக்கிட்டது."

உடம்பெல்லாம் எரிந்தது. என் பெற்றோர் வைத்த பேருக்கு நான் பொறுப்பில்லை, ஆனால் அந்த நம்பருக்குப் பேர் எடுத்துக் கொடுத்தவன் நான். அதில் நான் ஒட்டு.

"வெளியே வர முடியுமா, முடியாதா? அதைச் சொல்லு."

"முடியும் சார். பிரைமரி சம்மதிக்கணும். அவர் போனுக்கு இப்ப ஒரு ஓ.டி.பி. போகும், ஆறு எண். அதைச் சொன்னா உங்க பேருக்கு மாத்திடுவேன். கொஞ்ச நேரம்தான் செல்லும், சீக்கிரம் கேளுங்க."

நான் கேட்க வேண்டும். அவரிடம். டீச்சரைத் தரையில் உட்காரவைத்தவரிடம்.  அதற்குள் அந்தப் பெண் அனுப்பிவிட்டாள். உடனே மருமகளின் போன் அடித்தது. அவள் திரும்பிக்கொண்டு, கையால் வாயை மறைத்து, "சொல்லு, சொல்லு" என்றாள். எனக்குச் சந்தேகம் வந்தது.

"யாரு?"

"ஒண்ணுமில்ல மாமா..."

போனைப் பிடுங்கினேன். என் மகளின் குரல், குசுகுசுவென்று. "அண்ணி, அவர் பின்னாடி கலர் கலக்கிட்டிருக்காரு. போன் கல்லாவுல இருக்கு. எழுதிக்கோங்க, மூணு..."

"வை" என்றேன்.

"அப்பாவா?"

"அந்தப் போனை எடுத்த இடத்துல வை."

"அப்பா, நேரம் போயிடும்ப்பா! மூணு, எட்டு..."

"சொல்லாதே! அடுத்தவர் போனைத் திறந்து பாக்கவா உன்னை அந்த வீட்டுக்கு அனுப்பினேன்? நாளைக்குத் தெரிஞ்சா யார் பேர் கெடும்? என் பொண்ணு திருடின நம்பர் எனக்கு வேண்டாம்."

"உங்களுக்காகத்தானே செய்யறேன்!" குசுகுசுப்பு உடைந்து நிஜக் குரல் வந்தது. "மாசக்கணக்கா அந்தக் கவரைத் தூக்கிக்கிட்டு நடந்தேனே, அது யாருக்காக? நீங்களும் கேக்க மாட்டீங்க, அவரும் விட மாட்டார். நடுவுல நான் ஒருத்தி மாட்டிக்கிட்டுக் கிடக்கேன். என்னை யாருப்பா வந்து திறக்கிறது?"

"வைன்னு சொன்னேன்."

வைத்துவிட்டாள். மருமகள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப்போவதில்லை. "நல்லா இருக்கு மாமா. நேர் வழியிலயும் கேக்க மாட்டீங்க, குறுக்கு வழியிலயும் வாங்க மாட்டீங்க. அப்ப நம்பர் தானா நடந்து வருமா?"

"சார், டைம் முடிஞ்சுபோச்சு" என்றாள் கவுன்டர் பெண்.

"பெரியவரே, குடும்பச் சண்டையை ஓரமா வச்சுக்கக் கூடாதா? நாங்களும் நிக்கிறோம்" என்றது வரிசை.

"இன்னொரு தடவை அனுப்பும்மா" என்றேன். மருமகளின் போனில் அவர் நம்பரை நானே அழுத்தினேன்.  

"சொல்லும்மா" என்றார் பெயிண்ட்கடைக்காரர்.

"நான்தான்."

அந்தப் பக்கம் கலர் கலக்கும் மெஷின் கடகடவென்று ஓடி நின்றது. "யாரு? ஓ, சம்பந்தியா! என்ன, மருமக போன்லேருந்து? உங்க நம்பர் என்னாச்சு?"

"உங்க போனுக்கு ஆறு எண் வந்திருக்கும். அது எனக்கு வேணும்."

"ஆர்டர் போடுறீங்களா, கேக்கிறீங்களா?"

வரிசைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். "கேக்கிறேன்."

"சரியாக் காதுல விழல. கடையில சத்தம்."

"கேக்கிறேன்!"

கம்பெனிக் கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. 

"இதைக் கேக்க உங்களுக்கு இத்தனை மாசமா? கேட்டா குடுக்காம இருப்பேனா? என் பில்லை என்னைக் கேக்காம நீங்க கட்டினீங்க பாருங்க, அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. தெரியுமா?"

"எண்ணைச் சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன். நான் சொல்லச் சொல்ல நீங்களும் சொல்லணும், தப்பு வந்துடக் கூடாது. ஏழு."

"ஏழு."

"ஒண்ணு... டேய், அந்தப் பிரைமர் டப்பாவைத் தலைகீழா வைக்காதேடா! எங்க விட்டோம்?"

"ஒண்ணு."

"ஆமா, ஒண்ணு. அடுத்து, இருங்க, கண்ணாடி எங்க வச்சேன்?"

கண்ணாடியைத் தேடினார். கிடைத்தது. அதற்குள் கவுன்டர் பெண் தலையை ஆட்டினாள். மறுபடியும் முடிந்துபோயிற்று. வேண்டுமென்றே செய்தாரா என்று எனக்குத் தெரியாது. வேண்டுமென்றே என்றுதான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"அட, அது செல்லாதா? அப்ப மறுபடியும் கேளுங்க."

மறுபடியும் கேட்டேன். பள்ளிக்கூடத்துப் பையன் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல, அத்தனை பேர் முன்னால் ஒவ்வொரு எண்ணாக அவர் பின்னாலேயே சொன்னேன். நாலு. ரெண்டு. ரெண்டு. சைபர். ஒன்பது. அஞ்சு. முடித்துவிட்டு, "என் பொண்ணை இனிமே கவர் தூக்க விடாதீங்க" என்றேன்.

"நான் எங்க தூக்கவிட்டேன்? நீங்கதான்..."

துண்டித்தேன்.

"ஆயிடுச்சு சார். இப்ப உங்க பேர்ல இருக்கு. இருக்கிறதிலேயே சின்ன பிளான் போட்டிருக்கேன். பழைய சிம் இப்ப கட் ஆகும், புதுசு சாயங்காலம் வேலை செய்யும்" என்றாள் அந்தப் பெண்.

"சாயங்காலமா? அதுவரைக்கும்?"

"கால் வராது சார். கொஞ்ச நேரம்தானே?"

கொஞ்ச நேரமாம். இவள் ஒருநாளும் லிஃப்டில் மாட்டிக்கொண்டதில்லை என்று தெரிந்தது.

வெளியே வந்ததும் மருமகள் கேட்டாள். "இன்னும் கோபமா மாமா?"

"ஆமா."

"யார் மேல?"

"வரிசையா நிக்கிறாங்க. நீயும் அதுல இருக்கே. என் பொண்ணைத் திருடச் சொன்னது நீதானே?"

அவள் மறுக்கவில்லை. "நான் வேலைக்குப் போறேன், நீங்க ஆட்டோல வீட்டுக்குப் போங்க" என்றாள்.

"வீட்டுக்கா? போன் இல்லாம வீட்ல உட்கார்ந்து என்ன பண்ண? உன் புருஷன்கிட்டச் சொல்லு, அவன் மேலத்தெரு கட்டடத்துல நிக்கட்டும். நான் டீச்சர் கட்டடத்துல நிக்கிறேன். மத்த இடத்து வாட்ச்மேன்களுக்கெல்லாம் உன் போன்லேருந்து இப்பவே கூப்பிட்டுச் சொல்லு, எதாவதுன்னா ஆள் அனுப்பட்டும். நம்பர் வர்றவரைக்கும் ஆள் நிக்கணும்."

"என் போன்லேருந்தா? ஒவ்வொருத்தரா?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட ஆரம்பித்தாள்.

டீச்சர் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், லிஃப்ட் கதவுக்கு எதிரே வாட்ச்மேனின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மதியம் போயிற்று. பலர் ஏறினார்கள், இறங்கினார்கள். லிஃப்ட் ஒழுங்காகத்தான் ஓடிற்று. மூன்று மணி வாக்கில் டீச்சர் பையோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். லிஃப்டைப் பார்த்தார். படிப் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு."

"இருக்கட்டும். நேத்துலேருந்து நான் படியிலதான் போறேன்."

"அஞ்சு மாடி."

"எண்ணத் தெரியும் மெக்கானிக். நான் கணக்கு டீச்சர்." பிறகு நின்று, "போன் எடுக்கிறீங்களா இப்ப?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல. இன்னும் வரல. சாயங்காலம் வரும்."

"அப்புறம் எந்த தைரியத்துல ஏறச் சொல்றீங்க?"

"ஆள் இருக்கேன்ல? மதியத்துலேருந்து இங்கதான் உட்கார்ந்திருக்கேன்!"

கோபமாகத்தான் சொன்னேன். அவர் மேல் இல்லை, ஆனால் அவர்மேல்தான் விழுந்தது. அவர் கண்ணாடிக்கு மேலாக என்னையும் ஸ்டூலையும் கருவிப் பையையும் பார்த்தார். என் முழங்காலில் கட்டியிருந்த துணியையும் பார்த்திருக்க வேண்டும்.

"நான் மேல போய்க் கதவைத் திறந்து சத்தம் போடுவேன். அதுவரைக்கும் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது."

"நகரமாட்டேன்."

எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டேன். ஏறினார். கதவு மூடிக்கொண்டது. நின்றபடியே கதவுக்கு மேலே எரிந்த சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு ஓடும் சத்தம், மூன்றாவது மாடியில் வழக்கமாக வரும் சின்ன உதறல், பிறகு நின்ற சத்தம். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு படியில் ஒரு கால் வைத்துவிட்டேன்.

"மெக்கானிக்!" படிக்கட்டுச் சந்தின் உச்சியிலிருந்து குரல் இறங்கி வந்தது. "வந்து சேர்ந்துட்டேன்!"

"சரி!" என்று நானும் கத்தினேன். மூன்றாம் மாடியில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். மறுபடி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆக இன்னும் நேரம் இருந்தது.